ஊசாத தேங்காய் சாதம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னைக் கேட்டவர்கள், நான் நல்லதாக நாலு வார்த்தை சொல்வேன் என்று நம்பியிருப்பார்கள். நான் பூட்டிய கடைகளும் பிடித்த கலப்படங்களும் ஆபீஸ் கோப்புகளில் இருக்கின்றன. அவற்றில் நான் இருப்பதைவிடக் கொஞ்சம் உயரமாகத் தெரிவேன். கோப்பில் ஏறாத ஒன்றை உங்களுக்கு எழுதுகிறேன். அது என் வீட்டு அடுப்பில் வெந்த சோற்றைப் பற்றியது.

முதலில் நான் எப்பேர்ப்பட்ட பேச்சாளன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். குத்தாலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மகளிர் குழுக் கூட்டம் எங்கே நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் நானே போவேன். வீட்டுச் சாப்பாடு விஷமாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது என் தலைப்பு. கையைக் கழுவுங்கள், பச்சைக் கறி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்காதீர்கள் என்று தொடங்கி, சோற்றில் வந்து நிற்பேன். வடித்த சோற்றைச் சூடு குறையுமுன் சாப்பிடுங்கள், இல்லையா, அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில், மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில்தான் சோற்றில் இருக்கும் கிருமி முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். அப்புறம் எத்தனை முறை சுடவைத்தாலும் கிருமி சாகும், நஞ்சு போகாது. இதைச் சொல்லிவிட்டு, "வெதுவெதுப்பு ஆகாது" என்று எல்லோரையும் கோரஸாகச் சொல்ல வைப்பேன்.

ஒரு கூட்டத்தில் பின்வரிசைப் பெண்மணி ஒருவர் கேட்டார்: "சார், உங்க வீட்ல சமையல் யாரு சார்?"

"என் வீட்டுக்காரம்மாதான்."

"அவங்களையும் இப்படித்தான் தெனமும் கோரஸ் போட வைப்பீங்களா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தம்மா குறிசொல்பவர் இல்லை. ஆனாலும் பிற்பாடு அவரைப் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த மூத்த ஆய்வாளர். வெற்றிலை போடுவார், வேகமாக நடப்பார், புகழ்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். தரங்கம்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் குடும்பமே வாந்தியெடுத்துப் படுத்துவிட்டது என்று போனோம். வீட்டுக்காரர் எங்களைப் பார்த்ததுமே தெருமுனை டீக்கடையைக் காட்டி, "அங்க வாங்கின வடைதான் சார்" என்றார். நான் கடையை நோக்கிப் பாய்ந்துவிட்டேன். எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து, கடைக்காரரை வியர்க்க வைத்து, வெற்றி வீரனாகத் திரும்பினால், என் மேலதிகாரி அந்த வீட்டு அடுப்படியில் குந்தியிருந்தார். முந்தின நாள் வைத்த கோழிக் குழம்பு, இரவெல்லாம் மூடியபடி அடுப்பு மேலேயே இருந்திருக்கிறது. காலையில் லேசாகச் சூடுகாட்டி ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் சொன்னார்: "தம்பி, கை காட்டற பக்கம் ஓடாத. கை எங்கேர்ந்து நீளுதோ அங்க போ. தன் அடுப்பத் தானே காட்டிக்குடுக்கறவன் இந்த ஜில்லாவுலயே கெடையாது."

அவர் சொன்னதை நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில், கொஞ்சம் மெருகேற்றி, என் சொந்தச் சரக்குபோல அவிழ்த்துவிட்டிருக்கிறேன். இனி என் அடுப்புக்கு வருகிறேன்.

என் ஒரே மகள் பூங்கொடியைப் பேராவூரணிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தேன். தென்னந்தோப்புக்காரர்கள். நல்ல மனிதர்கள். அவளுக்கு ஒன்பதாம் மாதம். எங்கள் வழக்கப்படி பெண்ணைப் பெற்றவர்கள் ஐந்துவகைச் சாதம் கட்டிக்கொண்டு போய், வளைகாப்பு முடித்து, எல்லோருக்கும் பரிமாறி, மிச்சத்தை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும். கட்டுச்சோறு என்பது இந்தப் பக்கத்தில் சாப்பாடு மட்டுமல்ல. பெண் வீட்டின் கௌரவத்தைத் தூக்குவாளியில் போட்டு மூடி எடுத்துப்போவது.

என் மனைவி விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்தாள். புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல். புளியோதரை நாள் கணக்கில் தாங்கும், அதில் புளிப்பும் எண்ணெயும் காவல் நிற்கின்றன; எலுமிச்சைக்கும் தயிருக்கும்கூடப் புளிப்பு கொஞ்சம் துணை. அந்த நற்பெயரை நம்பித் தேங்காய் சாதமும் வண்டி ஏறுவதுதான் நம் ஊர்ப் பழக்கம். ஐந்துக்கும் 'கட்டுச்சோறு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டதால் ஐந்தும் ஒன்றுபோலத் தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். தவிர, தென்னந்தோப்புக்காரர் வீட்டுக்குத் தேங்காய் சாதம் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது எனக்கு. பூங்கொடிக்கு அது உயிர்.

மனைவி தாம்பாளங்களில் சோற்றைப் பரப்பி விசிறிக்கொண்டிருந்தாள். வாசலில் வேன் ஹாரன் அடித்தது. எமகண்டத்துக்கு முன்னால் கிளம்பியாக வேண்டும் என்று எனக்குப் பரபரப்பு.

"அள்ளி மூடு, கெளம்பலாம்" என்றேன்.

"இன்னும் ஆறலிங்க. கை வைக்க முடியல."

"போற வழியில ஆறிடும். நேரம் ஆவுதுல்ல?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே ஊர்பூரா சொல்வீங்க, ஆறவச்சு..."

"அது கூட்டத்துல சொல்றது. இப்ப வண்டி நிக்குது."

நான் உண்மையிலேயே இப்படித்தான் சொன்னேன். என் மனைவி இதை இன்றைக்கும் என் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள், நன்றாகவே செய்கிறாள்.

பெரிய தூக்குகளில் சுடச்சுட அள்ளி, அமுக்கி, துணி போட்டு, மூடியை அழுத்தி மூடினேன். கிருமி வளர்க்க ஆய்வகத்தில் ஒரு பெட்டி உண்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும். அதைவிட அருமையான ஒன்றை நான் அன்று பித்தளையில் தயார் செய்து வேனில் ஏற்றினேன்.

பேராவூரணி போய்ச் சேர்ந்தால், சம்பந்தியின் அக்கா வரவில்லை. பட்டுக்கோட்டையில் பஸ் மாறி வரவேண்டும். அவர் வராமல் முதல் வளையல் போடக்கூடாது. அவர் வந்து, வளையல் அடுக்கி, சந்தனம் பூசி, எல்லாம் முடிந்து இலை போடும்போது வெயில் சாய ஆரம்பித்துவிட்டது. தூக்குகளை நான்தான் திறந்தேன். தேங்காய் சாதத்தின் மூடியைத் தூக்கியதும் அதன் உட்புறத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"அட, காலைல கட்டினது இன்னும் சூடு ஆறல பாருங்களேன்! அண்ணன் வேலைன்னா சும்மாவா?" என்று என் சம்பந்தியம்மா எல்லோருக்கும் கேட்கும்படி பாராட்டினார்.

எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. இதில் இரண்டாம் பேச்சு இல்லை. இத்தனை வருடம் தொண்டை கிழியச் சொன்னது அப்படியே என் உள்ளங்கையில் வெதுவெதுவென்று உட்கார்ந்திருந்தது. "தேங்காய் சாதம் மட்டும் வேண்டாம், கொட்டிவிடலாம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் இலை போட்டாயிற்று. சம்பந்தி வீட்டு ஜனம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பெண்ணைப் பெற்றவன் கட்டுச்சோற்றைக் குப்பையில் கொட்டினான் என்று ஊர் பேசும். அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பிடி எடுத்து மோந்து பார்த்தேன்.

"ஊசல" என்றேன்.

நம் மொழியில் 'ஊசிப்போச்சு' என்று ஒரு சொல் இருக்கிறது பாருங்கள், அதை நாம் மூக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறோம். நாற்றம் வந்தால், நூல் விட்டால், புளித்தால், ஊசிப்போச்சு. வராவிட்டால் ஊசவில்லை, ஆகவே நல்லது. மணக்க மணக்க இருந்துகொண்டே ஆளைக் கவிழ்க்கும் சோற்றுக்கு நம் வீடுகளில் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் அப்படி ஒன்று இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்று பாடம் எடுத்தவன் நான். அன்றைக்கு அந்தப் பெயரில்லாத இடத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

பூங்கொடி தேங்காய் சாதத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். என் கையால்தான் வைத்தேன்.

கிளம்புவதற்குப் பெட்டி எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் கொல்லைப்பக்கம் ஓடினாள். பிறகு எங்களோடு வந்திருந்த என் மைத்துனர். பிறகு பட்டுக்கோட்டையில் பஸ் மாறி வந்த அக்கா. மற்ற இருவருக்கும் சீக்கிரம் அடங்கியது, பூங்கொடிக்கு வாந்தி நிற்கவில்லை. "வயிறு கல்லாட்டம் இறுகுதுப்பா" என்றாள். வேனில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம்.

அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டு, டிரிப் ஏற்றி, "குழந்தை நல்லாருக்கு. ஆனா வலி வர்ற மாதிரி இருக்கு. தண்ணிச்சத்து ஏறினா அடங்கும். அடங்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றார். பிறகு கேட்டார்: "மதியம் என்ன சாப்பிட்டாங்க?"

"மேடம், நானும் டிபார்ட்மென்ட்தான். ஹெல்த் இன்ஸ்பெக்டர்" என்றேன்.

அவர் கேட்டதற்கு இது பதில் இல்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரிந்திருக்கும். வயதில் மூத்தவன், துறைக்காரன் என்று மரியாதையாக நின்றார். நான் தொடர்ந்தேன்: "தண்ணியா இருக்கும்னு படுது. அவங்க வீட்ல திறந்த கிணறு. சுவர் இடிஞ்சிருக்கு, மட்டையெல்லாம் உள்ள விழுந்து கெடக்கு."

"தண்ணின்னா எல்லாரும்தானே சார் குடிச்சிருப்பாங்க? வீட்ல பசங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு உங்க பொண்ணு சொல்றாங்களே?"

பிள்ளைகள் எலுமிச்சைச் சாதத்தையும் வற்றலையும் தின்றுவிட்டு விளையாட ஓடியிருந்தார்கள். அவர் கேட்ட கேள்வி, கேட்க வேண்டிய சரியான கேள்வி. நான் அதற்கு எதிர்ப்புச் சக்தி, கிருமியின் அளவு என்று இரண்டு நிமிடம் உரையாற்றினேன். அவ்வளவு தெளிவாக நான் எந்தக் கூட்டத்திலும் உளறியதில்லை. என் மனைவி மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரங்கம்பாடி வீட்டுக்காரர் டீக்கடையைக் காட்டினார். நான் சம்பந்தி வீட்டுக் கிணற்றைக் காட்டினேன். படித்தவன் என்பதால் என் கை கொஞ்சம் நீளமாகவே நீண்டது.

மனைவியை அங்கேயே விட்டுவிட்டு, 'விசாரணை நடத்த' நான் மட்டும் வேனில் சம்பந்தி வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் பிளீச்சிங் பவுடர் வாங்கினேன். தண்ணீர்தான் காரணம் என்று சம்பந்தி வீட்டில் அறிவித்துவிட்டு, கிணற்றடியில் நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியில் கரைத்து ஊற்றினேன். கணக்குக்கு மீறி ஊற்றினேன். குற்றவாளிக்குத் தண்டனை கடுமையாக இருக்கட்டும் என்பதுபோல.

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றார். அழுதிருந்தார்.

"நான் அவருகிட்ட தலதலயா அடிச்சுக்கிட்டேண்ணே, கெணத்துக்கு மூடி போடுங்கன்னு. வயித்துப் புள்ளக்காரிக்கு எங்க வீட்டுத் தண்ணியால இப்படி ஆகிப்போச்சே. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. பூங்கொடி அம்மாகிட்டயும் நான் கால்ல விழுந்து கேட்டுக்கறேன்."

"பரவால்லம்மா. இதெல்லாம் சகஜம்" என்றேன்.

மன்னித்துவிட்டேன். இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் அது நடந்தது. அந்த அம்மாவை நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நீங்க மதியத்துலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலியேண்ணே. பந்தி கவனிச்சுக்கிட்டே நின்னீங்க. எங்க வீட்டுல எதையும் தொட வேணாம். ஒங்க ஊரு தண்ணியில பண்ணுனது ஒங்க சாதம்தான், தேங்கா சாதம் கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன், அதையே சாப்பிடுங்க. தெருவுல அத்தன வீட்டுக்கும் சொல்லி விட்டுட்டேன். கெணத்துத் தண்ணியத் தொடாதீங்க, அடுப்புப் பத்த வைக்காதீங்க, குத்தாலத்துலேர்ந்து வந்த சாதம் குடுத்துருக்கோமில்ல, ராத்திரிக்கு அதையே சாப்பிட்டுக்கங்கன்னு."

வாளி என் கையிலிருந்து கிணற்றுக்குள் விழுந்தது.

விளக்கு வைக்கும் நேரம். தோப்புத் தெருவில் அடுப்பு மூட்டாத வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் நான் சுடச்சுட மூடிய தேங்காய் சாதம், நான் கிளப்பிவிட்ட கிணற்றுக் கதையால் கூடுதல் மரியாதை பெற்று, தட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் ஓடினேன். வேட்டி மடிப்பு அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. முதல் வீட்டில் ஒருவர் கையில் உருண்டையோடு நிமிர்ந்தார். தட்டைப் பிடுங்கினேன்.

"யாரு சார் நீங்க?"

"இந்தச் சாதத்தக் கொண்டாந்தவன்."

"அப்படியா? நல்லாருக்கு சார்!"

"சாப்பிடாதீங்க. கெட்டுப்போச்சு."

அவர் தட்டை என்னிடமிருந்து திரும்ப வாங்கி மோந்து பார்த்தார். மனைவியிடம் நீட்டினார். அந்தம்மாவும் மோந்து பார்த்தார். "ஊசலியே சார்" என்றார்கள் இருவரும். பக்கத்து வீட்டிலும் அதே கதை. "கொண்டாங்க பார்ப்போம். எங்க ஊசியிருக்கு? கமகமன்னுதானே இருக்கு?" தெரு முழுவதும் என் பரிசோதனையை என்னிடமே செய்து காட்டியது. கொடுத்த சாதத்தைத் திரும்பப் பிடுங்குகிற கஞ்சன் என்றுகூட ஒருவர் முணுமுணுத்தார்.

நடுத்தெருவில் நின்று கத்தினேன்: "மோந்து பார்த்தாத் தெரியாதுங்க! நாத்தம் அடிக்காது. சுடவச்சாலும் போவாது. நான்தான் சூடு ஆறாம மூடிக் கொண்டாந்தேன். எம் பொண்ணு இதச் சாப்பிட்டுத்தான் ஆஸ்பத்திரில கெடக்கா. கெணத்துத் தண்ணி நல்லாருக்கு. கெணத்து மேல பழி போட்டது நான்தான்!"

இதில் எல்லாமே சரியாக இல்லை. கிணற்றுத் தண்ணீரில் அப்போது குளோரின் நெடி கண்ணைக் கரித்துக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் உண்மை. என் குரல் கேட்கும் தூரத்தில்தான் சம்பந்தியம்மா நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கும் துணிவு இல்லை.

கடைசி வீட்டில் தேங்காய் பறிக்கும் பெரியவர் ஒருவர், தனியாக இருப்பவர், எனக்கு முன்பே சாப்பிட்டு முடித்துக் கையலம்பிக்கொண்டிருந்தார். வரமாட்டேன் என்று அடம்பிடித்தவரை வேனில் ஏற்றுவதற்குள் ஒரு மணி நேரமாகி, அவருக்கு வாந்தி தொடங்கிவிட்டது. பூங்கொடிக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"காரணம் சாதம்தான்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

"மூடியத் திறந்தப்பவே."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெரியவருக்கு ஊசி குத்த நரம்பு தேடப் போய்விட்டார்.

பூங்கொடிக்கு வயிற்று இறுக்கம் அடங்கியது. பெரியவர் தேறுவதற்குத்தான் நாளாயிற்று, வயதான உடம்பு. அவர் தேறும்வரை நான் அந்த ஊரைவிட்டு நகரவில்லை. பேத்தி பிறகு உரிய நேரத்தில், சுகமாகப் பிறந்தாள். இது என் சாமர்த்தியத்தால் அல்ல. எனக்கு அப்படி எந்தத் தகுதியும் இல்லாதபோதும் அது நல்லபடியாக நடந்தது.

வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி நீங்கள் மக்களுக்குச் சொல்ல வேண்டியவை உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்துதான் இருந்தது. வாந்தி என்று ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நீங்கள் வாய் திறந்து கேட்கும் முதல் கேள்வியை மட்டும் நான் சொல்லித் தருகிறேன். எதனால் வந்தது என்று தொடங்காதீர்கள். அதற்கு எல்லோரும் கை நீட்டுவார்கள், சமயத்தில் நீங்களும்தான். "மிச்சம் எங்கே?" என்று கேளுங்கள். காரணத்தை நிதானமாகக் கண்டுபிடிக்கலாம். மிச்சம் இன்னொரு வாய்க்குள் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்கு அந்த டாக்டர் பெண்ணிடம் நான் என் பதவியைச் சொன்ன நேரத்தில் மிச்சத்தைச் சொல்லியிருந்தால், கடைசி வீட்டுப் பெரியவர் கையலம்பியிருக்க மாட்டார்.

சம்பந்தியம்மா என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை போடவும் இல்லை, விலகவும் இல்லை. 'அண்ணே' என்றே கூப்பிடுகிறார். கிணற்றுக்கு இப்போது சுவரெடுத்துக் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். பேத்தியைப் பார்க்க நான் எப்போது போனாலும், செருப்பைக் கழற்றி உட்காருவதற்குள் உள்ளே போய்விடுவார். காப்பி பின்னால் வரும். முதலில் ஒரு பெரிய செம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீர். அதை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார்.

"குடிங்கண்ணே. இப்பத்தான் எறச்சது."

நான் குடிப்பேன். பாதியில் வைத்தால் அவர் நகரமாட்டார். முழுச் செம்பும் காலியாகும்வரை நின்று பார்த்து, வாங்கிக்கொண்டு போவார். போன மாதமும் போயிருந்தேன்.